மீதி மருந்து

16 செப்டம்பர், திங்கள்

நெடுவயல் வந்து சேர்ந்தேன். அரண்மனை என்று சொல்லியிருந்தார்கள். முன்பக்கம் மட்டும்தான் அரண்மனை. பின்னால் ஒரு நீள ஓட்டுக் கொட்டகை, அதுதான் அருங்காட்சியகம். கொட்டகையை ஒட்டிக் கண்மாய்க் கரை. கண்மாய் நிறைந்தால் தண்ணீர் மட்டம் அரங்கின் தரையைவிட அரை மீட்டர் மேலே நிற்கும். இதை யாரும் இதுவரை அளந்ததில்லை. வந்த அரை மணி நேரத்தில் நான் அளந்துவிட்டேன்.

பொருள் எண் 47. எகிப்து. சுண்ணாம்புக் கல். முழங்காலை மார்போடு அணைத்துக் குந்தியிருக்கும் ஆள், போர்வை போர்த்தியதுபோல் ஒரே கட்டியாகச் செதுக்கியது. மொட்டைத் தலை. உயரம் 78 செ.மீ. எடை என் கணக்கில் முந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 1911இல் லண்டன் போன ஜமீன்தார் வழியில் கெய்ரோவில் வாங்கிவந்தாராம். பெயர்ப்பலகை: "எகிப்தியப் பெரும்பூசாரி. பெயர் தெரியவில்லை."

வேலை: மழைக்கு முன்னால் இதைக் கருங்கல் பீடத்திலிருந்து கழற்றி எஃகுத் தாங்கியில் உட்கார வைப்பது. கண்மாய் ஈரம் தரை வழியாகப் பீடத்தில் ஏறி, கல்லுக்குள் உப்பைக் கொண்டுபோகிறது. முன்பக்க எழுத்து பாதி உதிர்ந்துவிட்டது. இன்னொரு மழைக்காலம் தாங்காது. இரண்டு வாரம் இருக்கிறது. போதும்.

"கழட்ட முடியலைன்னா?" என்று காப்பாட்சியர் மெர்சலின் மேடம் கேட்டார்.

கழற்ற முடியாதது என்று எதுவும் கிடையாது என்றேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

காலையில் சிலையின் முழங்கால் மேல் ஒரு செம்பருத்தி. பெருக்கும் வெள்ளத்தாய் வைத்தது.

"இது கோயில் இல்லீங்க. கல்லு மேல ஈரம் படக் கூடாது."

"ஒத்தப் பூவுல என்னய்யா பெரிய ஈரம்? மொட்டைச்சாமிக்குத் தினமும் வைக்கிறதுதான்."

"இவரு சாமியே இல்ல. பூசாரி."

"அப்பச் சரி. காலமெல்லாம் அவரு சாமிக்குப் பூ வச்சாரு. அவருக்கு யாரு வைக்கிறதாம்?"

விவாதம் செய்ய நேரமில்லை. பூவை எடுத்து வெளியே போட்டேன்.

சிலையின் அடியைச் சுற்றி ஐந்து செ.மீ. உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கரை கட்டியிருக்கிறது. அதுதான் சிலையைப் பீடத்தோடு பிடித்து வைத்திருக்கிறது. என்ன பொருள் என்று எங்கேயும் குறிப்பு இல்லை. பழைய பதிவேட்டைப் புரட்டியதில் ஒரே ஒரு வரி, 1938 ஜூன்: "எகிப்து தேசத்துப் பூசாரி விக்கிரகத்துக்கும் மீதி மருந்து சாத்தியாயிற்று." கரையான் மருந்தாக இருக்கும். என்ன மருந்து என்று எழுதக்கூடத் தெரியாத குமாஸ்தா.

18 செப்டம்பர், புதன்

அம்மா போன் செய்தாள். மகாளய அமாவாசை அக்டோபர் இரண்டாம் தேதியாம். அப்பா போய் இது இரண்டாவது வருஷம். போன வருஷமும் நான் போகவில்லை.

"லீவு நாள்தானடா. வந்துட்டுப் போயேன். போன தடவ உன் சித்தப்பா மவன் உக்காந்தான். அய்யரு மூணு தலைமுறை பேரு கேட்டாரு, உன் கொள்ளுத்தாத்தா பேரு தெரியாம முழிக்கிறான்."

"எனக்கும்தான் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆவப் போவுது? பேரைச் சொல்லித் தண்ணி ஊத்துனா யாருக்குப் போய்ச் சேருது?"

"சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

வேலையைப் பார்த்தேன். தரையின் ஈரப்பதம் 71 சதவீதம்.

19 செப்டம்பர், வியாழன்

கரையின் மேல் விளிம்பில் சுரண்டி மாதிரி எடுத்தேன். அசிட்டோனில் கரையவில்லை. எரிசாராயத்தில் கரையவில்லை. நகம் பதியவில்லை. எபாக்சி. எவனோ ஒரு புண்ணியவான் கல்லைப் பிளாஸ்டிக் பசையால் ஒட்டியிருக்கிறான். கழற்ற வழியே இல்லை.

(திங்கட்கிழமை நான் சொன்னது நினைவிருக்கிறது. கழற்ற முடியாது என்றால் வெட்டலாம்.)

அறிக்கை: வைரக் கம்பி ரம்பத்தால் கரைக்குச் சற்று மேலே சிலையைக் குறுக்காக அறுப்பது. அடி ஐந்து செ.மீ. பீடத்தோடு போகும். அந்தப் பகுதி எப்படியும் உப்பால் செத்த கல். மதியத்துக்குள் எழுதிச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். முதலாளி ரகோத்தமன் சார் "பலே" என்று பதில் போட்டார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்பார்கள்.

21 செப்டம்பர், சனி

மெர்சலின் மேடத்துக்கு அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சிலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சொந்த முயற்சியில் எகிப்து எழுத்துப் படித்தவர். பதினோரு வருஷமாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க பாருங்க, பரிதி. முன்பக்கம். 'ஆமூன் கடவுளின் இரண்டாம் ஊழியர்.' அப்படின்னா எவ்வளவு பெரிய ஆளு தெரியுமா? அவருக்கு மேல ஒரே ஒருத்தர்தான். அதுக்கப்புறம் பேரு வரணும். அந்த இடம்தான் உதிர்ந்துபோச்சு."

"சரி."

"அடியில, இந்தக் கரைக்கு மேல கொஞ்சம் எட்டிப் பாருங்க. சின்னச் சின்னதா ஏதோ தெரியுதா?"

தெரிந்தது. ஒரு பறவையின் தலை. ஏதோ ஒரு கோட்டின் நுனி.

"அடியைச் சுத்தி ஒரு வரி ஓடுது. வழக்கமா அதுல பேரு மறுபடியும் இருக்கும். நீங்க அறுக்கச் சொல்றது அவரோட பேரை."

"இருக்கலாம்னுதானே சொல்றீங்க? இருக்கிறதுக்கு ஆதாரம் இல்லை. அறுக்கலைன்னா முழுச் சிலையும் போகும், அதுக்கு ஆதாரம் இருக்கு."

அவர் கோபப்படவில்லை. முன்பக்க வரிகளில் விரலைக் கல்லில் படாமல் ஓட்டி மெதுவாகப் படித்தார்: "இந்த வழியாகப் போகிறவர்களே, ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குடம் பீர் என்று எனக்காகச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள். வாயின் மூச்சுதான் அது. உங்களுக்குக் களைப்பு வராது."

"இவ்வளவு நாளா இவர் கேக்கிறது அது ஒண்ணுதான்" என்றார். "இங்க யாராலயும் அதைக் குடுக்க முடியலை. பேரே தெரியாதே."

நான் பொறியாளன். கல் வலிமைச் சோதனைக்குத் தேதி குறித்துவிட்டு வந்தேன்.

23 செப்டம்பர், திங்கள்

அருங்காட்சியக அறக்கட்டளையின் ஒப்புதல் வந்துவிட்டது. ரம்பக்காரர்கள் பெங்களூரிலிருந்து அக்டோபர் 2 மதியம் வருகிறார்கள்.

24 செப்டம்பர், செவ்வாய்

செம்பருத்தி. எடுத்துப் போட்டேன்.

26 செப்டம்பர், வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

அறுத்த பிறகு சிலையைத் தூக்குவதற்குச் சங்கிலிக் கப்பியோடு சீனி முகமது வந்திருந்தார். தேவகோட்டைக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கனம் தூக்கவும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சிலையைச் சுற்றி வந்து, "பூசாரின்னீங்க, ஒரு குடுமியக் காணோமே" என்றார். மேடம் ரொட்டி, பீர் விவரத்தைச் சொன்னதும், "ஆயிரம் குடமா? இவரு எந்தக் கோயிலுப் பூசாரிங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

ரம்பத்தின் வழிகாட்டிச் சட்டத்தை மாட்டத் துளை போட வேண்டும். கரையின் பின் மூலையில் துளைக்கருவியை வைத்தேன். முதல் மூன்று மில்லிமீட்டர் வெள்ளைத் தூள். எபாக்சிதான். அதற்குப் பிறகு தூள் நின்றுவிட்டது. முனை சூடேறி, கருஞ்சிவப்பாக மெழுகு மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு வந்தது. எபாக்சி இப்படி வராது. ஒருக்காலும் வராது.

சீனி குனிந்து மூக்கை வைத்தார்.

"என்ன சார், மருந்து வாசம் அடிக்குது?"

"ஆமா. 1938ல கரையான் மருந்து அடிச்சிருக்காங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"கரையானா! கல்லை எந்தக் கரையான் சார் திங்கும்? இது சாத்துற மருந்து. அஷ்டபந்தனம். கோயிலுக் கும்பாபிஷேகத்துல சாமியப் பீடத்துல உக்கார வச்சு அடியில சாத்துவாங்களே, அது. கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய்... எத்தனை கோயில்ல சாமி தூக்கிக் குடுத்திருக்கேன், இந்த வாசம் எனக்குத் தெரியாதா? நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.டெக். பொருளறிவியல்."

"அதுல இது வராதாக்கும்."

பதிவேட்டை எடுத்துவந்தேன். என் கண்ணில் பட்ட வரிக்கு மேல் வரியில் அரண்மனைக் கோயில் கும்பாபிஷேகம் என்று இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. அந்த வாரம் கோயிலுக்கு இடித்த மருந்தில் மிச்சம் இருந்திருக்கிறது. வீணாக்குவானேன் என்று எவரோ எகிப்துக்காரரையும் அதே மருந்தால் உட்கார வைத்துவிட்டார்கள். மேலே தெரியும் எபாக்சி, பிற்பாடு வந்த யாரோ விரிசலை மறைக்கப் பூசிய மூன்று மில்லிமீட்டர். நான் மாதிரி எடுத்தது அந்த மூன்று மில்லிமீட்டரில்.

"மீதி மருந்து சாத்தியாயிற்று." குமாஸ்தா சரியாகத்தான் எழுதியிருக்கிறான். படித்தவனுக்குத்தான் தெரியவில்லை.

அரக்கும் மெழுகும் என்றால் சூட்டில் இளகும். கழற்றலாம்.

27 செப்டம்பர், வெள்ளி

அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அனுப்பினேன். காரணம்: என் தவறு. நாலே வரி.

ரகோத்தமன் சார் போனில்: "அறிக்கையில கையெழுத்து கம்பெனியோடது, உன்னோடது மட்டும் இல்ல. எட்டே நாள்ல எபாக்சி மெழுகா மாறிடுச்சுன்னு நான் போய்ச் சொல்லணுமா? நம்ம பேர் என்ன ஆவுது?"

"சார், அங்க ஒருத்தரோட பேரே போவப்போவுது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

"ரெண்டாம் தேதி மதியம் ரம்ப வண்டி வரும். அதுக்கு முன்னால கழண்டா சரி. இல்லேன்னா அறுப்பு. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியாது."

ஐந்து நாள்.

மெர்சலின் மேடத்திடம் போய், "நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். "தெரியும்" என்றார். "காபி சாப்பிடுறீங்களா?"

28 செப்டம்பர், சனி

சோதனை. சீனி ஒரு ஸ்தபதியிடமிருந்து பழைய மருந்துக் கட்டி வாங்கிவந்தார். இரண்டு கருங்கல் துண்டுகளை அதனால் ஒட்டிச் சூடாக்கினேன். 50 பாகையில் அசைவில்லை. 60இல் விரல் பதிகிறது. 64இல் மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்தால் சோப்பு வெட்டுவதுபோல் வெட்டுகிறது. சுண்ணாம்புக் கல்லுக்கு இந்தச் சூடு ஆபத்தில்லை, மெதுவாக ஏற்றினால்.

மெதுவாக. எனக்குப் பிடிக்காத வார்த்தை.

மருந்துக்கு மேலே மூடியிருக்கும் எபாக்சித் தோலை அறுவைக் கத்தியால் உரிக்கத் தொடங்கினேன். மதியம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். கேண்டீனில் இரைச்சல் அதிகம்.

29 செப்டம்பர், ஞாயிறு

பீடத்தின் நான்கு பக்கமும் வெப்பப் பட்டைகளைக் கட்டினேன். எபாக்சி சீக்கிரம் காய்வதற்காக நான் பெட்டியில் கொண்டுவந்தவை. ஒன்பது மணி நேரம் ஓடிய பிறகு இணைப்பில் சூடு: 41. பீடம் வெறும் கல் இல்லை, சூட்டை விழுங்கும் கிணறு. கொடுப்பதை எல்லாம் கீழே ஈரத்தரைக்கு அனுப்பிவிடுகிறது.

சீனி அரிசி ஆலையிலிருந்து இருபது மூட்டை உமி இறக்கினார். பீடத்தைச் சுற்றி அடுக்கினோம். வெள்ளத்தாய் வீட்டிலிருந்து இரண்டு கம்பளி கொண்டுவந்து மேலே போர்த்தினாள்.

"புரட்டாசி வெயில்ல மொட்டைச்சாமிக்குக் குளிருதாக்கும்."

"பூசாரி" என்றேன்.

"ரெண்டுந்தான்."

30 செப்டம்பர், திங்கள்

52. எபாக்சித் தோல் முழுவதும் உரிந்துவிட்டது. பட்டைகள் நிற்காமல் ஓடுகின்றன. இந்த வேகத்தில் நாளை மாலை 64ஐத் தொடும்.

1 அக்டோபர், செவ்வாய்

காலை எட்டரைக்கு 58. ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. எல்லாருக்கும் குறுஞ்செய்தி வந்திருந்ததாம். என் எண் சென்னை எண். எனக்கு யார் அனுப்புவார்கள்?

கத்தினேன். மின்வாரியத்தை, பெங்களூரை, 1938ஐ. மெர்சலின் மேடம் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்து, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

சீனி கொல்லையில் கிடந்த செங்கற்களைக் காட்டினார். விறகை மூட்டிச் செங்கல்லைச் சுட்டோம். சாக்கில் சுற்றி உமி மூட்டைக்கும் பீடத்துக்கும் நடுவில் செருகினோம். ஆறியதை எடுத்துச் சுட்டதை வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி வைத்து. வெள்ளத்தாய் அடுப்பை விட்டு நகரவில்லை. காப்பாட்சியர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செங்கல் சுமந்தார். என் இடது கையில் மூன்று கொப்புளம். பத்து மணிக்கு 56. ஒரு மணிக்கு 55. ஐந்து மணிக்கு மின்சாரம் வந்தபோது 56.

இரண்டு பாகைதான் இழந்தோம். எட்டு மணி நேரத்தில் இரண்டு பாகை. எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்துகாட்ட முடியாது.

அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். கையில் செங்கல் இருந்தது.

2 அக்டோபர், புதன்

ஒன்பதரைக்கு 63. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. நாங்கள் நாலு பேர்தான்.

கம்பிக்கு மேடம் தன் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து கிடார் கம்பி மூன்று கொண்டுவந்திருந்தார். ஆக மெல்லியது. பத்து நாற்பதுக்கு 64.5. உமி மூட்டைகளை இறக்கினோம். சீனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், கம்பியின் இரண்டு நுனியிலும் மரக்கட்டை கட்டிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து சிலையின் அடியில் இழுத்தோம்.

நாலு விரற்கடை போனதும் முதல் கம்பி அறுந்தது.

"அவசரப்படாதீங்க சார். நீங்க வெடுக்குனு இழுக்கிறீங்க. என் கூட வாங்க. நான் விட்டா நீங்க, நீங்க விட்டா நான்."

இரண்டாவது கம்பி பாதி தாண்டி அறுந்தது. அது என் பக்கமா அவர் பக்கமா என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சூடு 62க்கு இறங்கிவிட்டது. மணி பதினொன்று இருபது.

மூன்றாவது கம்பி. நான் விட்டேன், அவர் இழுத்தார். அவர் விட்டார், நான் இழுத்தேன். அவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கம்பி முன்பக்கமாக வெளியே வந்து என் மடியில் விழுந்தது.

சங்கிலிக் கப்பியை ஏற்றினோம். சீனி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு சங்கிலியை இழுத்தார். ஒரு விரல். இரண்டு விரல். பூசாரி எழுந்துவிட்டார். கப்பியில் மாட்டிய தராசில் 312 கிலோ. நான் சொன்னது சரி.

அடியைச் சுற்றியிருந்த மருந்து வெதுவெதுப்பாகவே இருந்தது. மேடம் மரக்கத்தியால் அதைப் பட்டை பட்டையாக உரித்தார். உள்ளே கல்லில் உப்பு இல்லை. ஒரு துளி இல்லை. செத்த கல் என்று நான் எழுதிக் கொடுத்த இடம்தான் முழுச் சிலையிலும் உயிரோடு இருந்தது. எண்பத்தாறு வருஷமாக ஈரத்தை வெளியே நிறுத்தியது அந்த மீதி மருந்து. மருந்து படாத நடுப்பகுதி வழியாகத்தான் உப்பு மேலே ஏறியிருக்கிறது. பறவை, பாம்பு, உட்கார்ந்த மனிதன், எல்லாம் நேற்றுச் செதுக்கியது மாதிரி.

மேடம் முட்டி போட்டுச் சுற்றிச் சுற்றி வந்து படித்தார்.

"நெஸ்மின். ஆமூனின் இரண்டாம் ஊழியர் நெஸ்மின். அதே பதவியிலிருந்த பெதாமூனின் மகன். அதே பதவியிலிருந்த ஹோரின் மகன்."

"மூணு பேரு" என்றார் சீனி. "கணக்குச் சரியாத்தான் இருக்கு. உங்காளுங்க இன்னிக்கு அதைத்தானே சொல்லுவாங்க, அமாவாசைக்கு?"

வெள்ளத்தாய் சொம்பை எடுக்கப் போனாள். கல் மேல் தண்ணீர் கூடாது என்று தடுத்தேன். "அவர் தண்ணி கேக்கலை. பேரைச் சொன்னாப் போதும்னு எழுதியிருக்கு" என்றார் மேடம்.

"நெசமின்" என்றாள் வெள்ளத்தாய். "நல்ல பேராத்தான் இருக்கு."

சீனி சொன்னார். மேடம் மறுபடி சொன்னார். நானும் சொன்னேன், மூன்றையும். உச்சரிப்பு சரியா என்று பார்க்க.

ஒன்றரை மணிக்கு ரம்ப வண்டி வந்தது. வாசலிலேயே நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

3 அக்டோபர், வியாழன்

எஃகுத் தாங்கியில் உட்கார வைத்தாயிற்று. தாங்கிக்குக் கீழே ஈரத்தடுப்பு, தரையிலிருந்து முப்பது செ.மீ. இடைவெளி. மதியம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கண்மாயில் தண்ணீர் விழும் சத்தம் அரங்குக்குள் நன்றாகக் கேட்கிறது. பெயர்ப்பலகையை மேடம் மாற்றிவிட்டார்.

முழங்கால் மேல் செம்பருத்தி. ஈரத்தைத் துடைத்து வைத்திருக்கிறாள். அளந்து பார்த்தேன், பாதிப்பு இல்லை. விட்டுவிட்டேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"கொள்ளுத்தாத்தா பேரு என்ன?"

"எதுக்குடா?"

"ஒரு படிவம். கேக்கிறாங்க."

"எந்த ஊரு ஆபீசுல கொள்ளுத்தாத்தா பேரு கேக்கிறாங்க?"

"கேக்கிறாங்கம்மா. சொல்லேன்."

அவளுக்கும் தெரியவில்லை. பெரியத்தையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அடுத்த அமாவாசை எப்போது என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

4 அக்டோபர், வெள்ளி

அத்தையிடமிருந்து செய்தி வந்தது. மறந்துவிடும் என்பதால் குறித்துவைக்கிறேன்.

அப்பா துரைக்கண்ணு. அவர் அப்பா சங்கிலி. அவர் அப்பா வெயிலுமுத்து.